சீலைக்குக் கீழால் பார்த்தவள்

எழுபது தாண்டியவர்கள் மட்டும் இதைப் படித்தால் போதும். இளையவர்கள் படித்தால் இரக்கப்படுவார்கள், எனக்கு அது பிடிக்காது. உங்களுக்கென்றால் அதிகம் விளக்கத் தேவையில்லை. யாராவது சைக்கிளில் வந்து வாசலில் இறங்கினால், அவர் முகத்தைப் பார்க்க முன்னரே கையில் பெயர் பதியும் கொப்பி இருக்கிறதா என்று பார்த்து வளர்ந்தவர்கள் நாம். நான் இன்றைக்கும் அப்படித்தான். கிராம சேவகர் சிரித்தால் ஏன் சிரிக்கிறார் என்று யோசிப்பேன். பேரன் ஓடி வந்து முத்தம் தந்தால், என்னத்தை உடைத்துவிட்டு வந்தான் என்று வீடு முழுக்கத் தேடுவேன். பெரும்பாலும் ஏதாவது உடைந்துதான் இருக்கும்.

இந்தப் புத்தி எனக்குப் பதினொரு வயதில் வந்தது. அறுபதுகளின் தொடக்கம். யாழ்ப்பாணத்தில் ஒரு பரப்பு நிலமும் சொந்தமாக இல்லாத ஐயாவுக்கு, கண்டாவளைப் பக்கத்துக் குடியேற்றத் திட்டத்தில் வயலும், வீடு கட்ட மேட்டுக்காணியும் கிடைத்திருந்தன. காணிக் கந்தோரில் கொடுத்த பேர்மிட்டுப் பத்திரத்தை அம்மா பால்மாத் தகரம் ஒன்றில் சுருட்டி வைத்து, தகரத்தை அலுமாரிக்குள் வைத்து, அலுமாரித் திறப்பைத் தாலிக்கொடியில் கோத்திருந்தா. காணிக்காரன் தானே இறங்கி வேலை செய்யவேண்டும், ஏலாதவனிடமிருந்து காணியைத் திருப்பி எடுத்துவிடுவார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். அடுத்த வாய்க்காலில் ஒருவருக்கு அப்படி நடந்ததாம். அந்த ஒருவர் யார், எந்த ஊர் என்று நான் கேட்டிருக்கிறேன். ஒருவரும் சொன்னதில்லை.

எங்கள் வீட்டில் மறைக்க வேண்டியது ஒன்று இருந்தது. ஐயாவுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது.

வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கண்ணில் பூ விழவில்லை, சிவக்கவில்லை. நேருக்கு நேரே நின்றால் ஆளை அடையாளம் காண்பார். ஆனால் பக்கங்கள் இரண்டும் அவருக்கு இல்லாமல் போயிருந்தன. குழாய்க்குள்ளால் பார்ப்பதுபோல இருக்கிறது என்று ஒருமுறை சொன்னார். குசினிக்குப் போகிற வழியில் இருந்த கதிரையில் தினமும் முழங்கால் அடிபட்டது. கதிரையை நகர்த்தினால் வருகிறவர்கள் ஏன் என்று கேட்பார்கள் என்று அம்மா நகர்த்தவிடவில்லை. பாருங்கள், எங்கள் பயம் எவ்வளவு தூரத்துக்குப் போயிருந்தது என்று.

வயலுக்குப் போகும்போது எங்கள் மயிலை எருது முன்னே போகும். அதன் கழுத்து மணியைக் கேட்டுக்கொண்டு ஐயா வரம்பில் நடப்பார். எருது இல்லாத இடங்களில் மணியின் வேலை என்னுடையது. நான் இரண்டடி முன்னால் நடந்து, வாய் ஓயாமல் கதைத்துக்கொண்டே போவேன். "ஐயா, உந்தப் பாலத்தில ஒரு பலகை இல்லையெல்லோ, ஆர் எடுத்தது?" "ஐயா, வலப்பக்கம் அறுகு நல்லா வளர்ந்திருக்கு." "ஐயா, ஓவசியர் ஐயா மஞ்சள் சேட்டோட வாறார்." ஓவசியர்தான் திட்டத்துக் காணிகளைச் சுற்றிப் பார்த்துக் கொப்பியில் எழுதுகிறவர். சனங்கள் எனக்கு வாயாடி என்று பெயர் வைத்தார்கள். இந்த வாயை வைத்துக்கொண்டு எந்த வீட்டில் போய் வாழப்போகிறாளோ என்று அம்மாவிடம் குறைப்பட்டார்கள். அம்மாவும் தலையில் அடித்துக்கொள்வா. நல்லாய் நடிப்பா.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். முதலில் நான் ஐயாவையே நம்பவில்லை. வேலைக் கள்ளத்துக்கு நடிக்கிறாரோ என்று சந்தேகம். மணியை மட்டும் கேட்டு ஒருவர் வரம்பில் விழாமல் நடக்கமுடியுமா? சோதித்துப் பார்த்தேன். எருதுக்குப் பின்னால் நானே கண்ணை மூடிக்கொண்டு நடந்தேன். முதல் கிழமை மூன்று தரம் சேற்றில் விழுந்தேன். ஒரு மாதத்தில் விழவில்லை. பிறகு அது பழக்கமாகிவிட்டது. மணி எத்தனை அடி தள்ளிப் போகிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது, எருது நிற்கப்போகிறதா என்று எல்லாம் எனக்குக் கண் மூடினாலும் தெரியும். பள்ளிக்கூடத்துக்குப் போகும்போதுகூடப் பாதித் தூரம் அப்படி நடப்பேன். இது ஐயாவுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த முறை சூடடிப்பு முடிந்து, வைக்கோல் மணம் ஊரைவிட்டுப் போகாத நாட்களில், தலைமை வாத்தியார் பள்ளிக்கூடத்தில் ஒரு செய்தி சொன்னார். யாழ்ப்பாணக் குடாநாட்டில் உள்ள கண் தெரியாத பிள்ளைகளின் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு மாஸ்ரரும் எட்டுப் பெடியன்களும் வருகிறார்களாம். எங்களுக்குக் கிரிக்கெட் விளையாடிக் காட்டி, எங்களையும் விளையாட வைப்பார்களாம்.

ஊர் இதை நம்பவில்லை.

"கண் தெரியாதவை பந்தடிக்கிறதோ? உது வேற அலுவல்" என்றார் தேத்தண்ணிக் கடைக்காரர். "கண் தெரியிற எங்கட பெடியளே பந்தைத் துலைச்சுப்போட்டு வருகுதுகள்."

"அவையளைப் பளையில இருந்து ஏத்தி வர லொறி ஒழுங்கு பண்ணினது ஆர் தெரியுமோ? எங்கட ஓவசியர்" என்றார் பக்கத்துக் காணிக்காரர்.

அவ்வளவு போதும். அன்று பின்னேரம் அம்மா அடுப்படியில் குந்திக்கொண்டு மெதுவாகச் சொன்னா. "இஞ்சாருங்கோ, ஓவசியர் ஏன் கண் தெரியாத பிள்ளையளைக் கூட்டி வாறார்? ஊரில ஆருக்குக் கண் சரியில்லை எண்டு பிடிக்கத்தான். நீங்கள் போகாதேங்கோ."

"போகாட்டித்தான் ஏன் வரேல்லை எண்டு கேட்பினம்" என்றார் ஐயா. "எல்லா ஆம்பிளையளும் போவினம். நானும் போய் ஒரு பக்கத்தில நிண்டிட்டு வாறன்."

லொறி வந்த அன்று காலை முழுப் பள்ளிக்கூடமும் வேலியில் தொங்கியது. எட்டுப் பெடியன்கள் ஒருவர் தோளில் ஒருவர் கைவைத்து இறங்கினார்கள். அவர்களில் ஐந்து பேருக்கு ஒன்றும் தெரியாது, மூன்று பேருக்கு மங்கலாகத் தெரியும் என்று மாஸ்ரர் சொன்னார். மங்கலாகத் தெரியும் என்றதும் எங்கள் பெடியன்களுக்குச் சந்தேகம் இரட்டிப்பானது. அப்படியென்றால் மற்ற ஐந்து பேருக்கும் எவ்வளவு தெரியும்? ஒருவன் போய் ஒரு கண் தெரியாத பெடியனின் மூக்குக்கு முன்னால் சத்தமில்லாமல் கையை ஆட்டினான். அந்தப் பெடியன் சிரித்துக்கொண்டு, "காலமை வெங்காயம் உரிச்சனியோ?" என்று கேட்டான். எங்கள் பெடியன் கையை மணந்து பார்த்துவிட்டு ஓடிவந்துவிட்டான்.

மாஸ்ரர் சாக்கிலிருந்து பந்தை எடுத்தார். பிரம்பால் பின்னிய பந்து, தேங்காயைவிடச் சிறியது. உள்ளே சோடா மூடிகள். ஆட்டினால் சலசலவென்று கேட்கும். விக்கெட்டுக்கு மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றை நிறுத்தினார்கள். பந்து பட்டால் ஆட்டமிழந்தது எல்லோருக்கும் கேட்கவேண்டுமே. பந்து போடுகிறவன் கையைத் தோளுக்குமேல் தூக்காமல், நிலத்தோடு உருட்டிவிடவேண்டும். விடமுன்னர் "ரெடியோ?" என்று கேட்கவேண்டும். அடிக்கிறவன் "ரெடி" என்றால், "பிளே" என்று கத்திக்கொண்டு விடவேண்டும்.

"ஒரு விஷயம். பந்து ஓடேக்க ஒருத்தரும் சத்தம் போடக்கூடாது. இருமல் வந்தாலும் அடக்குங்கோ" என்றார் மாஸ்ரர்.

நாங்கள் பார்த்த விளையாட்டு எல்லாம் கத்திக் குளறுகிற விளையாட்டு. அன்றைக்கு மட்டும் ஊர் முழுவதும் மூச்சடக்கி நின்றது. அந்த அமைதிக்குள் சோடா மூடிகள் உருண்டு வர, கண் தெரியாத ஒரு பெடியன் முழங்காலை மடக்கி மட்டையைப் படுக்கவைத்து ஒரே தள்ளாகத் தள்ளினான். பந்து வேலிவரை போனது. ஒருவரும் கைதட்டவில்லை. கைதட்டலாமா கூடாதா என்றும் தெரியவில்லை, நம்பலாமா கூடாதா என்றும் தெரியவில்லை.

நான் பந்தைப் பார்க்கவில்லை. மங்கலாகத் தெரிகிற மூன்று பேரில் நெட்டையான ஒருவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் எதையும் பார்க்க முன்னர் தலையை இடப்பக்கம் சாய்த்து, பிறகு மெதுவாகத் திருப்பி, தேடிப் பிடிப்பதுபோலப் பார்த்தான். கைகழுவும் வாளியை அப்படிப் பார்த்தான். மாஸ்ரரை அப்படிப் பார்த்தான். அது என் ஐயாவின் பார்வை. இவனை ஐந்து நிமிடம் கவனித்த எவனும் பிறகு ஐயாவைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவான். ஐயாவோ எதிர்ப்பக்கம் மருத மரத்துக்குக் கீழே, ஓவசியரின் கதிரைக்குப் பக்கத்திலேயே நின்றார். ஓவசியர் சைகை காட்டித் தன் பக்கத்துக்கு அழைத்திருந்தார். ஏன் அழைத்தார்?

இடைவேளையில் மாஸ்ரர் கொப்பியைத் திறந்தார். "பிள்ளையள், உங்கட வீட்டில, பக்கத்து வீட்டில கண் மங்கலான ஆக்கள் ஆரும் இருக்கினமோ? பெரியவை, சின்னவை ஆரெண்டாலும் சொல்லுங்கோ."

ஒரு கையும் உயரவில்லை. என் வகுப்பில் இன்னும் இரண்டு பேரின் வீட்டில் அப்படி இருந்தது எனக்குத் தெரியும். அவர்களும் என்னைப்போலவே நிலத்தைப் பார்த்தார்கள்.

பிறகு எங்கள் முறை. மாஸ்ரர் கறுப்புச் சீலைத் துண்டால் எங்கள் பெடியன்களின் கண்ணைக் கட்டி மட்டையைக் கையில் கொடுத்தார். பெரிய விளையாட்டுக்காரன் என்று பெயர் எடுத்தவன் பந்து போய் நெடுநேரத்துக்குப் பிறகு காற்றை வெட்டினான். இன்னொருவன் மட்டையைச் சுழற்றித் தகரத்தைத் தானே விழுத்தினான். பந்து நின்ற பிறகு ஊர் சிரித்தது. வந்த பெடியன்களும் சிரித்தார்கள், அதுதான் எங்களுக்குத் தாங்கவில்லை.

"பொம்பிளைப் பிள்ளையளும் வரலாம்" என்றார் மாஸ்ரர். தலைமை வாத்தியார் தொண்டையைச் செருமினார். ஆனால் அதற்குள் என் வகுப்புப் பெட்டைகள் "வாயாடி போகட்டும், வாயாடி போகட்டும்" என்று என்னைத் தள்ளிவிட்டார்கள்.

பிழையாக அடிக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். இதையும் நீங்கள் நம்பமாட்டீர்கள். சீலையில் வேறு பிள்ளைகளின் வியர்வை மணம். கட்டியதும் நல்ல இருட்டு. ஒரு பொட்டு வெளிச்சமும் கீழால் வரவில்லை. எனக்குப் பயம் போய்விட்டது. அங்கே எனக்குப் பழக்கம்.

"ரெடியோ?"

"ரெடி."

"பிளே!"

சோடா மூடிகள் வந்தன. மயிலையின் மணிதான் அது, கொஞ்சம் அவசரமாக வருகிறது. என் கை என்னைக் கேட்கவில்லை. மட்டையைச் சாய்த்து நிலத்தோடு தள்ளினேன். பந்து வலப்பக்கம் போய் வேலியில் மோதிய சத்தம் கேட்டது. இரண்டாவது பந்து இடப்பக்கமாக வந்தது, அதையும் அடித்தேன். மூன்றாவதை அந்தப் பெடியன் என்னை ஏமாற்றவென்று மெதுவாக விட்டான். காத்திருந்து அடித்தேன். என் வாழ்நாளில் நான் ஆடிய கிரிக்கெட் அந்த மூன்று பந்துகள்தான். அதற்குமேல் சந்தோஷம் எனக்குக் கலியாணத்தன்றும் வரவில்லை, என் வீட்டுக்காரர் இப்போது இல்லை என்பதால் எழுதலாம்.

"சேர்" என்று நெட்டைப் பெடியனின் குரல் கேட்டது. "இந்தப் பிள்ளை எங்கட மாதிரி ஆக்களோட பழகின பிள்ளை. கேட்டுப் பாருங்கோ."

மாஸ்ரர் வந்து என் சீலையை அவிழ்த்தார். எனக்கு முன்னால் குந்தியிருந்தார். குரல் நல்ல குரல், இப்போது எழுதும்போதும் அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். "பிள்ளை, வீட்டில ஆருக்குக் கண் தெரியாது?"

வெளிச்சம் கண்ணைக் கூசியது. மருத மரத்துக்குக் கீழே ஓவசியர் கதிரையை விட்டு எழும்பி நின்றார். ஐயா என் பக்கம் தலையை இடப்பக்கம் சாய்த்துத் தேடிக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு கணம் போனால் எல்லாம் முடிந்துவிடும் என்று எனக்குத் தெரிந்தது. பால்மாத் தகரம், அலுமாரி, வயல், மேட்டுக்காணி, எல்லாம்.

"ஒருத்தருக்கும் இல்லை, சேர். நான் சீலைக்குக் கீழால பாத்தனான்."

"இல்லை, சேர்" என்றான் நெட்டைப் பெடியன். "அவ பாக்கேல்லை."

"பாத்தனான் எண்டு சொல்லுறனெல்லோ! உமக்கென்ன தெரியும்?" என்று அவனைப் பார்த்துக் கத்தினேன்.

சனங்களுக்கு நிம்மதி. காலையிலிருந்து எங்கோ ஒரு களவு நடக்கிறது என்று தேடியவர்களுக்குக் கள்ளி அகப்பட்டுவிட்டாள். "எனக்கு முதலே தெரியும்" என்றார் தேத்தண்ணிக் கடைக்காரர். வந்தவர்களுக்கு முன்னால் பள்ளிக்கூடத்தின் மானம் போய்விட்டது என்று தலைமை வாத்தியார் பிரம்பு எடுத்துவரச் சொன்னார். "வேண்டாம், விடுங்கோ, சின்னப் பிள்ளை" என்று மாஸ்ரர் தடுத்தார். தலைமை வாத்தியார் கேட்கவில்லை. அந்த அமைதிக்குள் இரண்டு அடி. பந்து ஓடுவதற்காக வாங்கிய அமைதி அது.

ஐயா ஒன்றும் சொல்லவில்லை. மற்றவர்களோடு சேர்ந்து நின்றார்.

வீட்டுக்குத் திரும்பும்போது வழக்கம்போல நான் முன்னால், அவர் பின்னால். நான் வாய் திறக்கவில்லை. கை எரிந்தது, அதைவிட நெஞ்சு எரிந்தது. பலகை இல்லாத பாலத்தடியில் அவர் கால் வழுக்கி, ஒரு கால் முழங்கால்வரை வாய்க்காலுக்குள் போனது. எழும்பி, வேட்டியைப் பிழிந்தார். சுற்றிலும் யாரும் இல்லை என்று இரண்டு பக்கமும் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கதை, பிள்ளை" என்றார்.

கதைத்தேன். வேறென்ன செய்வது.

அடுத்த நாள் லொறி போன பிறகு, மாஸ்ரர் எனக்குக் கொடுத்துவிட்டதாக ஒரு பந்தும் மடித்த கடுதாசியும் வந்தன. அம்மா கடுதாசியை என்னைக் கொண்டு வாசிப்பித்தா. குடாநாட்டுப் பெரியாஸ்பத்திரியில் கண் பார்க்கும் டொக்டர் ஒருவரின் பெயர், அவர் இருக்கும் கிழமைகள். 'யாராக இருந்தாலும் கூட்டி வாருங்கள். சில கண் வருத்தங்களை வேளைக்குக் கண்டால் நிற்பாட்டலாம்' என்று கீழே எழுதியிருந்தது.

"ஆராயிருந்தாலுமாம்! ஆள் ஆரெண்டு பிடிக்கிறதுக்கு வழி" என்று சொல்லி அம்மா அதை அடுப்பில் வைத்தா. நானும் தடுக்கவில்லை. அம்மா சொன்னது சரி என்றுதான் நினைத்தேன்.

பந்தை ஐயா எடுத்துக் கிணற்றடித் துலாவில் கட்டினார். காற்றுக்குச் சலசலக்கும். கிணறு எங்கே என்று அவருக்கு அதுவே சொல்லும். யாராவது கேட்டால் காகம் கலைக்க என்றோம். இரண்டு மாரிக்குப் பிறகு பிரம்பு உக்கி, சோடா மூடிகள் ஒவ்வொன்றாகக் கிணற்றுக்குள் விழுந்தன.

காணியை யாரும் எடுக்கவில்லை. பல வருடத்துக்குப் பிறகு, ஐயா முழு இருட்டுக்குப் போய், இனி மறைக்கவே முடியாது என்ற நிலையில், நானும் அம்மாவும் கந்தோருக்குப் போனோம். அம்மா பால்மாத் தகரத்தை மடியில் வைத்துக்கொண்டு வழி முழுவதும் அழுதா. அங்கே இருந்த கிளார்க் பெடியன், பேர்மிட்டில் வாரிசாக அம்மாவின் பெயர் தொடக்கத்திலிருந்தே இருப்பதைக் காட்டி, "இதுக்கு ஏனம்மா அழுறியள்?" என்று கேட்டான். முந்தியும் அப்படித்தான் விட்டிருப்பார்களா, சட்டம் பிறகு இளகியதா என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் அதை ஒருவரும் ஒருநாளும் கேட்டுப் பார்க்கவில்லை. கண் டொக்டரிடமும் அந்த வருடம்தான் போனோம். அவர் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, "பத்துப் பன்னிரண்டு வருஷம் முந்தி வந்திருக்கலாமே" என்றார். அம்மா சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டா. நான் அடுப்பை நினைத்தேன்.

திரும்பி வந்த பின்னேரம் ஐயா கதிரையில் இருந்தார். அந்தப் பழைய கதிரைதான், இப்போது சுவரோரம் நகர்த்தியிருந்தோம். இவ்வளவு காலமும் கேட்காததை அன்றைக்குக் கேட்டேன்.

"ஐயா, நான் அண்டைக்குச் சீலைக்குக் கீழால பாத்தனான் எண்டு நீங்களும் நம்பினீங்களோ?"

அவர் உடனே பதில் சொன்னார். யோசிக்கவே இல்லை. "கண்ணால பாக்கிறவன் பந்து கிட்ட வந்தாப்பிறகுதான் மட்டையை அசைப்பான். உன்ர மட்டை நிலத்தில உரசினது பந்து பாதி வழியில வரேக்கையே எனக்குக் கேட்டது. நீ பாக்கேல்லை. நீ எருதுக்குப் பின்னால கண்ணை மூடிக்கொண்டு நடக்கிறதும் எனக்குத் தெரியும். கால் வைக்கிற சத்தம் வேற."

"அப்ப ஏன் ஐயா ஒண்டும் சொல்லேல்லை?"

"சொன்னால், உமக்கு எப்பிடித் தெரியும் எண்டு கேட்பினம்."

அந்த மைதானத்தில் நான் கள்ளி இல்லை என்று உறுதியாகத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். இரண்டு பேருக்கும் கண் ஒழுங்காகத் தெரியாது. முன்பின் தெரியாத பெடியன் வாய் திறந்து சொன்னான், அவனை நான் கத்தி அடக்கினேன். என்னைப் பெற்றவர் சொல்லவில்லை. அவரில் எனக்கு இன்றைக்கும் கோபம் இருக்கிறது. நான் அவர் இடத்தில் நின்றிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டேன், அதுவும் தெரியும்.

பிறகு ஐயா காற்றில் கையை நீட்டினார்.

"ரெண்டு அடி விழுந்தது கேட்டது" என்றார். "எந்தக் கையில எண்டு தெரியேல்லை, பிள்ளை. எந்தக் கை?"

வலக்கையைக் கொடுத்தேன். அவர் அதை விரித்து, உள்ளங்கையில் விரலால் தேடினார். அங்கே ஒன்றும் இருக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அவர் தேடி முடிக்கும்வரை கையை எடுக்கவில்லை.